பாரிசவாதம் வந்தவரை இருத்தி வைப்பதா ஆதரவு?



பாரிசவாதம் வந்த ஒருவரை வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்குக் கொண்டுவரும் நாளில் வீடு நிறைய ஆட்கள் நிற்பார்கள். ஒருவர் கட்டிலை விறாந்தைக்கு இழுத்துப் போடுவார். இன்னொருவர் கஞ்சி வைப்பார். முதல் இரண்டு கிழமையும் படலை மூடாது. பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். மூன்று மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போனால், நோயாளி அதே விறாந்தையில், அதே கதிரையில், தெருவைப் பார்த்தபடி இருப்பார். பக்கத்தில் தேநீர்க் கோப்பையும் மருந்துப் பையும் இருக்கும். "எப்படி இருக்கிறார்?" என்று கேட்டால் வீட்டுக்காரப் பெண் சொல்லுவார்: "ஒரு குறையும் விடேல்லை. அவரை ஒண்டும் செய்ய விடுறேல்லை. எல்லாம் நானே செய்து குடுக்கிறன்."

அந்தப் பெண்ணின் உழைப்பைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. இரவு நித்திரையில்லாமல், தன் சாப்பாட்டை மறந்து அவர் பார்த்திருக்கிறார். ஆனால் "அவரை ஒண்டும் செய்ய விடுறேல்லை" என்ற அந்த வசனத்தைப் பற்றித்தான் இம்மாதம் பேச வேண்டியிருக்கிறது. பாரிசவாதத்திலிருந்து மீண்டு வருகின்ற ஒருவருக்கு ஆதரவு உயிர்மருந்து போன்றது. அதே ஆதரவு அவரை அசையவிடாமல் இருத்தி வைக்குமானால், மீட்சிக்கு அதுவே தடையாகிவிடும்.

எமக்கு ஏன் இந்த விடயம்?

பாரிசவாதம், பக்கவாதம், வாதம் விழுந்தது, ஸ்ட்ரோக் என்று பல பெயரில் நாம் சொல்வது ஒரே நோயைத்தான். யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டில் முப்பத்தைந்து வயதில் இருந்த ஒருவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். அன்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்மாருக்கு இன்று உயர் குருதியமுக்கமும் நீரிழிவும் கிளினிக் கொப்பியும் துணையாக இருக்கின்றன. பாரிசவாதத்துக்கு முதன்மையான காரணம் உயர் குருதியமுக்கம். நீரிழிவு, புகைத்தல், மதுபானம், இருதய நோய், உடலுழைப்புக் குறைவு என்பவை அதனோடு சேர்கின்றன.

எமது குடும்பங்களில் வேறொரு சிக்கலும் உண்டு. கணவனை இழந்த வீட்டில் தகப்பனுக்கோ மாமனுக்கோ நோய் வந்தால், தூக்கிப் பிடிக்க ஒரு பெண்ணும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். ஏற்கனவே ஷெல் காயத்தால் ஒரு காலை இழந்தவருக்கு மற்றப் பக்கத்தில் பாரிசவாதம் வந்த வீடுகளும் இருக்கின்றன. குடும்பத்தைத் தாங்கிய பெண்ணே விழுந்துவிட்டால் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு விடையில்லாத வீடுகளும் இருக்கின்றன. ஆகவே இது வைத்தியர் மட்டும் பேச வேண்டிய விடயம் அல்ல.

அசைவு ஏன் தேவை?

மூளைக்குக் குருதி கொண்டுபோகும் குழாயில் அடைப்பு ஏற்பட்டாலோ, அது வெடித்துக் குருதி கசிந்தாலோ, மூளையின் அந்தப் பகுதி பாதிக்கப்படுகிறது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் உடலின் வலப்பக்கம் இயங்காது. வலப்பக்கம் பாதிக்கப்பட்டால் உடலின் இடப்பக்கம் இயங்காது. "கை செத்துப் போச்சு" என்று நாம் சொல்கிறோம். உண்மையில் கை சாகவில்லை. கைக்குக் கட்டளை அனுப்பிய இடம்தான் பாதிக்கப்பட்டிருக்கிறது.

மூளைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, பாதிக்கப்படாத பகுதிகள் அந்த வேலையை ஓரளவுக்குப் பொறுப்பேற்கப் பழகுகின்றன. குழந்தை நடை பழகுவதைப் போலத்தான். முதல் மாதங்களில் இந்த முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகும் முயற்சி செய்பவர்களுக்கு முன்னேற்றம் நின்றுவிடுவதில்லை. எல்லோருக்கும் முழுமையாகச் சுகம் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் இருக்கும் திறனைக் காப்பாற்றுவதற்குக்கூட அசைவு வேண்டும்.

அசையாமல் இருந்தால் என்ன நடக்கும்? தசை மெலியும். மூட்டு இறுகி, விரல்கள் மடங்கி நின்றுவிடும். படுக்கைப் புண் வரும். காலில் குருதி கட்டிபட்டு நுரையீரலுக்குப் போகலாம். சளி கட்டி நியுமோனியா வரலாம். மலச்சிக்கல் வரும். குருதியமுக்கமும் சீனியும் கட்டுப்பாட்டுக்குள் வராது. அதனால் இரண்டாவது தடவை பாரிசவாதம் வரும் ஆபத்து கூடும். மனமும் சோர்ந்து போகும். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. மனம் சோர்ந்தவர் அசைய மாட்டார். அசையாதவர் மேலும் சோர்வார்.

"அசைவின்றி, தனிமையில்"

வசதி நிறைந்த நாடுகளிலும் நிலைமை இப்படித்தான் இருந்தது. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் ஜூலி பேர்ன்ஹார்ட் என்ற இயன்மருத்துவரும் அவரது குழுவினரும் 5 வைத்தியசாலைகளில் இருந்த 58 பாரிசவாத நோயாளரைக் காலை 8 மணியிலிருந்து மாலை 5 மணி வரை கவனித்து, 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். பகல் நேரத்தில் பாதிக்கு மேற்பட்ட நேரத்தை நோயாளர் கட்டிலில் ஓய்வாகவே கழித்தார்கள். மீட்சிக்கு உதவக்கூடிய அசைவுகளில் ஈடுபட்ட நேரம் 100க்கு 13 பங்கு மாத்திரமே. 100க்கு 60 பங்கு நேரம் அவர்கள் தனியாகவே இருந்தார்கள். அந்த ஆய்வுக்கு அவர்கள் இட்ட தலைப்பே "அசைவின்றி, தனிமையில்" என்பதுதான். பயிற்சி பெற்ற ஊழியர்கள் நிறைந்த இடத்திலேயே இப்படியென்றால், எமது விறாந்தைக் கதிரையில் இருப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அசைவின்மையும் தனிமையும் ஒன்றாக வருகின்றன. ஆகவே அவற்றை ஒன்றாகவே தீர்க்க வேண்டியிருக்கிறது.

ஏன் இருந்துவிடுகிறார்கள்?

"சோம்பல் பிடிச்ச மனுசன்" என்று சொல்லுவதற்கு முன் காரணங்களைப் பார்ப்போம்.

விழுந்துவிடுவேனோ என்ற பயம் முதற்காரணம். ஒருமுறை கிணற்றடியில் சறுக்கியவர் பிறகு கதிரையை விட்டு எழும்ப மாட்டார். களைப்பு இரண்டாவது காரணம். பாரிசவாதத்துக்குப் பின் வரும் களைப்பு சாதாரண களைப்பு அல்ல. முகம் கழுவி உடுப்பு மாற்றினாலே படுக்க வேண்டும் போலிருக்கும். மூன்றாவது, வெட்கம். வாய் கோணியிருக்கிறது, எச்சில் வடிகிறது, சாரம் நழுவுகிறது என்று நினைப்பவர் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போக மாட்டார். பேச்சு வராதவர் நிலை இன்னும் கடினம். அவருக்குப் புத்தி மங்கவில்லை. சொல்ல நினைத்தது வாயில் வரவில்லை. ஆனால் வந்தவர்கள் அவருக்கு முன்னாலேயே, அவர் அங்கு இல்லாததைப் போல, "இவருக்கு விளங்குமோ?" என்று கேட்பார்கள். அதன் பிறகு அவர் ஆட்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிவிடுவார்.

நான்காவது, வீடும் வளவும். மணல் முற்றத்தில் ஊன்றுகோல் புதையும். மலசலகூடம் வளவின் பின்பக்கம் இருக்கும். வாசற்படி உயரமாக இருக்கும். பிடிக்கக் கம்பி இருக்காது. மாரி காலத்தில் முற்றம் முழுவதும் சேறு.

ஐந்தாவது காரணம் எமது அன்பு. "எழும்பாதேங்கோ, நான் எடுத்துத் தாறன்." "நீங்கள் சும்மா இருங்கோ, அது காணும்." இவ்வளவு இழப்புகளைக் கண்ட எமக்கு, மிஞ்சியிருக்கும் ஒருவரை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது. அது இயல்பானது. அவர் சட்டை போட இருபது நிமிடம் எடுப்பார். நாம் போட்டுவிட்டால் இரண்டு நிமிடம். வேலைக்குப் போகும் அவசரத்தில் யார் இருபது நிமிடம் காத்திருப்பார்? ஆனால் அந்த இருபது நிமிடந்தான் அவருடைய பயிற்சி. நாம் போட்டுவிடும்போது, எங்களை அறியாமலே அவருடைய மருந்தை நாம் குடித்துவிடுகிறோம்.

ஆதரவில் நான்கு வகை

அமெரிக்க சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹவுஸ் 1981இல் எழுதிய நூலில் சமூக ஆதரவை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார். எமது வீடுகளுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

முதலாவது உணர்வு ஆதரவு. பக்கத்தில் இருப்பது, கேட்பது, "நீங்கள் எங்களுக்கு வேணும்" என்று காட்டுவது. வருபவர்கள் நோயைப் பற்றியே விசாரிக்காமல் அவருக்குத் தெரிந்த விடயத்தைப் பேசினால் போதும். கமக்காரரிடம் நெல் விலையைக் கேளுங்கள். தையல் தெரிந்த அக்காவிடம் சட்டை வெட்டுவதற்கு யோசனை கேளுங்கள். பேச்சுத் தடைப்பட்டவரிடம் ஆம், இல்லை என்று தலையசைக்கக்கூடிய சிறிய கேள்விகளைக் கேட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். வசனத்தை நீங்களே முடித்துவைக்க வேண்டாம்.

இரண்டாவது கையுதவி. தூக்குவது, குளிப்பாட்டுவது, சமைத்துக் கொடுப்பது, காசு உதவி. ஆதரவு என்றதும் நாம் இதை மாத்திரமே நினைக்கிறோம். இது இல்லாமல் முடியாது. ஆனால் அளவு கூடினால் நோயாளியை இருத்தி வைப்பதும் இதுதான். இதற்கு ஓர் எளிய விதியை வைத்துக்கொள்ளலாம்: அவரால் முடியாததை நாம் செய்வோம், பாதி முடிந்ததை அவரோடு சேர்ந்து செய்வோம், முடிந்ததை அவரே செய்யட்டும், நாம் பக்கத்தில் நிற்போம். ஒவ்வொரு மாதமும் இந்தக் கணக்கை மாற்றிப் பார்க்க வேண்டும். போன மாதம் முடியாதது இந்த மாதம் முடியலாம்.

மூன்றாவது தகவல் ஆதரவு. என்ன பயிற்சி, எத்தனை தரம், எந்த மருந்து, எப்போது கிளினிக் என்பவற்றைத் தெரிந்து சொல்வது. வைத்தியசாலையில் இயன்மருத்துவர் காட்டிய பயிற்சியை வீட்டிலிருந்து ஒருவர் போய் நேரில் பார்த்துப் பழகுவது நல்லது. கேட்டுவிட்டுக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டால் மறக்காது.

நான்காவது, நிலையை எடுத்துச் சொல்லும் ஆதரவு. "போன கிழமை கதவடி மட்டும் வந்தனீங்கள், இண்டைக்கு மாமரத்தடி மட்டும் வந்திட்டியள்" என்று சொல்வது. நோயாளிக்குத் தன் முன்னேற்றம் தெரியாது. அவர் தன்னை நோய்க்கு முந்திய தன்னோடுதான் ஒப்பிடுவார். போன கிழமையோடு ஒப்பிட்டுக் காட்ட ஒருவர் வேண்டும். சுவரில் மாட்டிய கலண்டரில் நடந்த நாட்களுக்குப் புள்ளடி போடும் வேலையைப் பேரப்பிள்ளைக்குக் கொடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் இந்த நான்காவது ஆதரவைத் தரலாம். காசு அனுப்புவதோடு, தினமும் ஒரே நேரத்தில் அழைத்து "அப்பா, இண்டைக்கு எத்தனை தரம் படலையடிக்குப் போனனீங்கள்?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே அவர் எழும்பி நடப்பார்.

முதல் தடவை பாரிசவாதம் வந்தவர்களை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வொன்று 1993இல் வெளிவந்தது. தோமஸ் கிளாஸும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த அந்த ஆய்வில், கூடுதலான சமூக ஆதரவு கிடைத்தவர்கள் அன்றாட வேலைகளைச் செய்யும் திறனை விரைவாகவும் கூடுதலாகவும் திரும்பப் பெற்றிருந்தார்கள். வாய்வார்த்தையும் வருகையும் வீண்போவதில்லை.

ஒரு நாளை எப்படி அமைக்கலாம்?

முதலில் ஓர் எச்சரிக்கை. நோய் வந்த முதல் நாட்களில் அவசரப்பட்டு எழுப்பி நடக்கவைக்கக் கூடாது. 5 நாடுகளில் 2,104 நோயாளரோடு நடந்து 2015இல் வெளியான பெரிய ஆய்வில், முதல் 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கி அடிக்கடி கூடுதலாக எழுப்பி நடத்தியவர்களில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். அந்த ஆய்வையும் ஜூலி பேர்ன்ஹார்ட்தான் தலைமை தாங்கி நடத்தினார். ஆகவே எப்போது, எவ்வளவு என்பதை வாட்டில் உள்ளவர்களிடம் கேளுங்கள். கீழே சொல்வது, வைத்தியர் அனுமதித்து வீட்டுக்கு வந்தவர்களுக்கு.

காலையில் முகம் கழுவுவது, பல் துலக்குவது, தலை சீவுவது என்பவற்றை அவரே செய்யட்டும். பலமான கை வேலை செய்யும்போது பலவீனமான கையும் மேசையில் இருக்கட்டும்; கோப்பையைத் தாங்கிப் பிடிக்கட்டும். உடுப்பு போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும்.

கைபிடி உள்ள உறுதியான மரக்கதிரையைச் சுவரோடு வைத்து, அதிலிருந்து எழும்பி நின்று மெல்ல இருக்கச் சொல்லுங்கள். ஐந்து தரத்தில் தொடங்கிப் பத்தாக்கலாம். பிளாஸ்ரிக் கதிரை வேண்டாம், சறுக்கும். ஒரே இருப்பில் நெடுநேரம் இராமல், மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது எழும்ப வேண்டும். வானொலியில் செய்தி வரும்போது, பள்ளிப் பிள்ளை வரும்போது, கோயில் மணி அடிக்கும்போது என்று ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி என்றால் கசக்கும். வேலை என்றால் இனிக்கும். கதிரையில் இருந்தபடி வெங்காயம் உரிக்கலாம், கீரை ஆயலாம், அரிசியில் கல் பொறுக்கலாம், உடுப்பு மடிக்கலாம், கோழிக்குத் தீனி போடலாம். பூக்கன்றுக்குச் சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றலாம். மாலையில் வெயில் தாழ்ந்ததும் படலை வரை நடக்கலாம். படலையடியில் ஒரு வாங்கு போட்டு, பக்கத்து வீட்டு ஐயாவையும் அந்த நேரத்துக்கு வரச் சொன்னால், நடையும் நடந்தது, தனிமையும் போனது. களைப்பு வந்தால் இருக்கட்டும். பத்து நிமிடமாக மூன்று தரம் நடப்பது, அரை மணித்தியாலம் ஒரேயடியாக நடப்பதைவிட அவருக்கு இலகு.

பாதுகாப்புக்குச் சில குறிப்புகள்:

நடக்கும்போது அவருடைய பலவீனமான பக்கத்தில் நில்லுங்கள். பலவீனமான கையைப் பிடித்து இழுத்தோ, கக்கத்துக்குள் கைவிட்டோ தூக்க வேண்டாம். தோள்மூட்டு விலகி நெடுநாள் நோவைத் தரும். இடுப்பில் அகலமான துணிப்பட்டி கட்டிப் பிடிப்பது நல்லது; எப்படிப் பிடிப்பது என்று இயன்மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

மலசலகூடத்துக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் உறுதியான தடி நட்டுக் கைபிடி கட்டுங்கள். மணலில் பலகையோ சீமெந்துக் கல்லோ பதித்தால் ஊன்றுகோல் புதையாது. இரவில் வெளிச்சம் வேண்டும். கழன்று போகாமல் பின்னால் பட்டி உள்ள செருப்பைப் போடுங்கள்.

சாப்பிடும்போதும் குடிக்கும்போதும் நிமிர்ந்து இருக்கவேண்டும். அடிக்கடி புரையேறினால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். எண்ணெய் பூசினால் உடம்புக்கு இதமாக இருக்கலாம். ஆனால் அது அசைவுக்கும் மருந்துக்கும் ஈடாகாது. நாட்டு வைத்தியம் செய்வதற்காகக் கிளினிக் மாத்திரையை நிறுத்தவே வேண்டாம்.

முகம் கோணுவது, கை அல்லது கால் திடீரென்று தளர்வது, பேச்சுக் குழறுவது ஆகியவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் உடனே 1990ஐ அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது, கட்டணம் இல்லை. அடைப்பைக் கரைக்கும் ஊசி பொருத்தமானவர்களுக்கு, நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போடப்பட வேண்டும். "விடியட்டும் பாப்பம்" என்று இருக்கக் கூடாது.

விழுந்தது பெண்ணாக இருந்தால்

நோயாளி ஆணாக இருந்தால் நாம் இருத்தி வைக்கிறோம். பெண்ணாக இருந்தால் இரண்டு விதமாக நடக்கிறது. சில வீடுகளில் அவர் ஒரு மூலையில் ஒதுக்கப்படுகிறார். திறப்பும் காசும் குசினியும் கைமாறிவிடுகின்றன. "அம்மா, நீங்கள் இனி ஓய்வெடுங்கோ" என்பது அன்பாகத்தான் சொல்லப்படுகிறது. ஆனால் நாற்பது வருடம் வீட்டை நடத்தியவருக்கு அது பதவி பறிப்பு. இப்படியான அம்மாவிடம் குறைந்தது ஒரு பொறுப்பையாவது திருப்பிக் கொடுங்கள். கறிக்கு உப்புப் பார்ப்பது, கடைக் கணக்கு எழுதுவிப்பது, பிள்ளைகளைப் படிக்க இருத்துவது, எதுவாகவும் இருக்கலாம்.

வேறு சில வீடுகளில், பார்க்க ஆளில்லாததால் அவர் உடனேயே அடுப்படிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. "அவதான் வேலை செய்யிறாவே, பிறகென்ன பயிற்சி?" என்று கிளினிக்குக்கும் அனுப்புவதில்லை. அவர் பலமான கையால் மாத்திரம் எல்லாவற்றையும் செய்து பழகிவிடுவார். பலவீனமான கை மடங்கியபடியே நின்றுவிடும். சுடுதண்ணிப் பானை, விறகடுப்பு, கிணறு என்பவை அவருக்கு ஆபத்தான இடங்கள். அவருக்கும் இயன்மருத்துவர் வேண்டும், ஓய்வும் வேண்டும்.

தனியே வாழும் சகோதரிகள் பக்கத்து வீட்டாரோடு ஓர் ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். விடிய ஏழு மணிக்குள் முன்கதவு திறக்காவிட்டால் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். இதற்குச் செலவில்லை.

ஒரு பெண்ணின் தோளில் மாத்திரம் வேண்டாம்

இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1,250 பாரிசவாத நோயாளரோடு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினரின் வீட்டாருக்கு, நோயாளிக்குப் பயிற்சி கொடுக்கும் முறை சொல்லிக் கொடுக்கப்பட்டது. மற்றப் பகுதியினர் வழமையான சிகிச்சையைப் பெற்றார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது. ஆறு மாதத்தின் பின் இறந்தவர்களும் பிறரில் தங்கியிருந்தவர்களும் இரு பகுதியிலும் ஒரே அளவு: 100க்கு 47 பேர்.

இதைப் பார்த்து வீட்டில் செய்வது வீண் என்று எண்ணக் கூடாது. எமக்கு இது சொல்லும் பாடம் வேறு. குடும்பத்தவர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "இனி நீங்கள் பாருங்கோ" என்று விட்டுவிட்டால் பயிற்சி பெற்ற இயன்மருத்துவரின் இடம் நிரம்பிவிடாது. அந்தக் குடும்பத்தவர் எமது ஊர்களில் யார்? மனைவி, மகள், மருமகள். காலையில் தோட்டத்துக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போய், மாலையில் சமைத்து, இரவில் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பவர். அவரிடம் "நீ இன்னும் கவனமாகப் பார்" என்று சொல்வது ஆதரவல்ல, பாரம்.

பாரத்தைப் பகிர வேண்டும். வீட்டு ஆட்களும் அயலவர்களும் ஒருநாள் கூடியிருந்து ஒரு தாளில் எழுதுங்கள்: திங்களும் வியாழனும் மாலை நடைக்கு யார் வருவது? கிளினிக் நாளில் ஓட்டோவில் யார் கூடப் போவது? கிழமையில் ஒரு அரைநாள் யார் வந்து இருந்தால் அந்தப் பெண் தலைமுழுகி நித்திரை கொள்ளலாம்? ஆண்துணை இல்லாத வீட்டில் கைபிடி கட்டிக் கொடுக்க, மலசலகூடப் படியைச் சரிசெய்ய எந்தத் தம்பிமார் வருவார்கள்? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள். ஒரு கிராமத்தில் நான்கைந்து பாரிசவாத வீடுகள் இருக்கலாம். அவர்கள் மாதம் ஒருமுறை ஓரிடத்தில் கூடினால், "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற எண்ணம் நோயாளிக்கும் பார்ப்பவருக்கும் குறையும்.

பார்ப்பவருக்கு இடுப்பு நோவு, நித்திரையின்மை, அடிக்கடி எரிச்சல், "இப்படியே போய்ச் சேர்ந்தால் என்ன" என்ற நினைப்பு வந்தால், அதைக் குற்றமாக எண்ணி மறைக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கும் போகலாம். உங்கள் சொந்தக் குருதியமுக்கத்தைப் பார்த்து எத்தனை மாதம் என்பதையும் ஒருமுறை யோசியுங்கள்.

எங்கே கேட்பது?

ஆதார வைத்தியசாலையிலோ மாவட்ட, போதனா வைத்தியசாலையிலோ இயன்மருத்துவப் பிரிவு இருக்கிறதா, எந்த நாட்களில் வரலாம் என்பதைத் துண்டு வெட்டும்போதே கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கேட்பதைவிட அது சுலபம்.

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். ஊன்றுகோல், நடைச்சட்டம், சக்கர நாற்காலி போன்ற உதவிகளுக்கு அவரிடம் விண்ணப்பிக்கலாம். 2023இல் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் கொடுப்பனவுப் பகுதிகள் உண்டு. உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பதைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். மருத்துவ அறிக்கைகளின் பிரதியை ஒரு உறையில் பத்திரமாக வைத்திருங்கள். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் உடல் ஊனமுற்றோருக்குப் பணியாற்றி வருகிறது. முன்பே கால் இழந்தவருக்குப் பாரிசவாதமும் வந்திருந்தால், பொய்க்காலும் நடைத் துணையும் இப்போதைய நிலைக்குப் பொருந்துகின்றனவா என்று திரும்பப் பார்ப்பிக்க வேண்டும்.

சக்கர நாற்காலி கிடைத்தால் அது வெளியே போவதற்கு. நாள் முழுவதும் இருப்பதற்கு அல்ல என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

சகோதரிகளே, இந்த மாதம் உங்கள் வீட்டிலோ அயலிலோ பாரிசவாதம் வந்த ஒருவர் இருந்தால் இரண்டு வேலைகளைச் செய்து பாருங்கள். நீங்கள் அவருக்காகச் செய்துவரும் வேலைகளில் ஒன்றை, அவர் தானே செய்வதற்காக விட்டுக்கொடுங்கள். எவ்வளவு நேரம் எடுத்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். அவரைப் பார்க்கும் பெண்ணிடமிருந்து ஒரு வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பார்க்கப் போகும்போது பழமும் பிஸ்கற்றும் கொண்டுபோவது எங்கள் வழக்கம். அதை விடவேண்டியதில்லை. ஆனால் அதை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி வராமல், "வாங்கோ, படலை மட்டும் ஒருக்கா நடந்திட்டு வருவம்" என்று கூப்பிடுங்கள்.